பெயர் சொல்லாத கழனி

அத்தியாயம் நான்கு

எங்கள் ஆபீசுக்கு வருகிற கேஸ்களில் பாதி தானாகவே நாறும். மீதிப் பாதி, நொச்சிக்குப்பத்து மீன் கூடைகள் ஜன்னலுக்குக் கீழே போவதால் நாறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃப்ளோரா டீச்சர் முக்காட்டைக்கூட எடுக்காமல் மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டபோது, இது எந்த ரகம் என்று எனக்குப் புரியவில்லை.

"அண்ணே, நாளைக்குப் பத்திரப் பதிவு. அதுக்குள்ள எனக்கு ஒரு கழனியோட பேர் தெரிஞ்சாகணும்" என்றார்.

அண்ணே என்றது என் முதலாளியை. துப்பறியும் ராஜநாயகம். போலீஸ் கோர்ட்டில் பல வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சிகள் சொன்னதை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் சொல்லாமல் விட்டதைத் தேடலாம் என்று இந்தத் தொழிலுக்கு வந்தார். நான் கனகராஜ், அவருடைய உதவியாள். பாண்டி பஜாரில் மாமாவின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன், இப்போது இவரோடு அலைந்து செருப்புக் கிழிக்கிறேன்.

"பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, டீச்சர்?" என்றார் ராஜநாயகம்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சாந்தோமில் தம்பி வீட்டு ஹாலில், ஒரு திரைக்குப் பின்னால்தான் அவருடைய கட்டிலும் பெட்டியும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெறப் போகிறார். சாகிறதற்குள் தன் கையால் பூட்டித் திறக்கிற ஒரு கதவு வேண்டும் என்று, இத்தனை நாள் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை வைத்து ஒரு மனை பார்த்திருக்கிறார். மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாற்றங்கரைப் பக்கம், தேசிங்கு என்பவர் ஒரு கழனியை மனை போட்டு விற்கிறார். 'சந்தனத் தோப்பு' என்று பலகையும் வைத்தாகிவிட்டது.

"சந்தன வாசனை வருதா?" என்று கேட்டேன்.

"வயித்தைப் புரட்டுது" என்றார் டீச்சர். "முதல் பூசை முடிஞ்சதும் இன்னொரு தடவை பாத்துட்டு வரலாம்னு போனேன். ஒரு வயசான பொம்பளை புல் அறுத்துக்கிட்டிருந்தா. இந்தக் கழனிக்கெல்லாம் பழைய பேர் என்னம்மான்னு கேட்டேன். ஒவ்வொண்ணா சொல்லிக்கிட்டே வந்தா. ஒரு பேர் சொன்னா பாருங்க, அதை நான் வாயால சொல்ல மாட்டேன். நான் வாங்கப்போற கழனிக்கு வந்ததும் நிறுத்திட்டா. கேட்டுக் கேட்டுப் பாத்தேன். 'அந்தப் பேரு என் வாயில வரக்கூடாதும்மா'ன்னு சொல்லிட்டு, அரிவாளை எடுத்துக்கிட்டு அந்தாண்ட போயிட்டா."

"அவ்வளவுதானா?"

"இது போதாதா அண்ணே? அசிங்கமான பேரையெல்லாம் சிரிச்சுக்கிட்டே சொன்னவ, இதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறான்னா, அங்க என்ன நடந்திருக்கணும்? காலரா பிணத்தையெல்லாம் கொட்டிப் புதைச்ச இடமா இருந்தா? அதுமேல நான் எப்படி அடுப்பு வெச்சுச் சமைக்கிறது?"

"புதைச்சிருந்தா உங்களுக்கு லாபம்தான் டீச்சரம்மா. வாடகைக்கு ஆள் தேட வேண்டாம், ஏற்கெனவே குடி இருக்காங்க" என்றேன். ராஜநாயகம் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி மீன் கூடைகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

"தேசிங்குக்கு அந்த நிலம் எப்படி வந்தது?" என்று அவர் டீச்சரைக் கேட்டார்.

"அவங்க அம்மா பேர்ல இருந்ததாம். ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே ஓடுச்சே, அப்ப போற வழியில செத்துட்டாங்களாம். இவர் ஒரே பிள்ளை. அம்மாவைப் பத்திச் சொல்றப்ப அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அதைப் பாத்துத்தான் நான் நம்பினதே."

ராஜநாயகம் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டார். அவர் குடையை எடுத்தால் எனக்கு நடை என்று அர்த்தம்.

மந்தைவெளி தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே டீச்சர் கைக்குட்டையை ஏன் மூக்கைவிட்டு எடுக்கவில்லை என்பது விளங்கிவிட்டது. வெயில் ஏற ஏற நாற்றமும் ஏறியது. ஒரு குட்டையில் எருமைகளை இறக்கிவிட்டு, தானும் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார் ஒரு பெரியவர். பெயர் சின்னக்கண்ணு, அந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ராஜநாயகம் பேச்சுக் கொடுத்ததும் எருமையை விட்டுவிட்டுப் பேச்சால் எங்களைக் கழுவ ஆரம்பித்தார்.

"இந்தாண்ட கீது பாரு, அது அட்டைப்பள்ளம். நாத்து நடப்போற பொம்பளைங்க காலு பூரா அட்டையா தொங்கும். அத்தொட்டு அந்தப் பேரு. அந்தாண்ட இருக்கறது தொர வுயுந்த மேடு. எங்க தாத்தா காலத்துல குதுர மேல ஒரு தொர வந்தான் நைனா. மேடுன்னு நெனச்சி வந்தான், சேறு. தலைகுப்புற வுயுந்தான். ஊரே நின்னு பாத்துச்சி, ஒருத்தனும் தூக்கல."

"இது?" என்று என் காலடியைக் காட்டினேன்.

"இதுவா? பீவண்டி மேடு."

ஒரு காலைத் தூக்கிக்கொண்டேன். இன்னொன்றையும் தூக்க வழி இருந்திருந்தால் தூக்கியிருப்பேன்.

"டவுன்ல அள்ற வண்டியெல்லாம் முன்னே இங்கதான் வந்து கவுத்துட்டுப் போவானுங்க. அதான் கத்திரிக்கா இம்மாம் பெருசு காய்க்குது. மயிலாப்பூர் மார்க்கெட்ல நல்ல காயின்னு நீ வாங்கறது எல்லாம் இங்கத்து சரக்குதான் நைனா."

முந்தின நாள் ராத்திரி மெஸ்ஸில் எண்ணெய்க் கத்திரிக்காய். நான் மறு பரிமாறல் வேறு கேட்டு வாங்கியிருந்தேன். வரப்பில் குந்தி உட்கார்ந்துகொண்டேன். அப்புறம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்து எழுந்துகொண்டேன்.

"'சந்தனத் தோப்பு'ன்னு பலகை வெச்சு, தென்னை மரம் ஒண்ணு நிக்குதே, அந்தக் கழனி?" என்று ராஜநாயகம் கேட்டார்.

இனி மேலும் என்ன கேட்கப் போகிறோமோ என்று நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். சின்னக்கண்ணு எருமையின் முதுகில் தண்ணீர் தெளித்தபடியே சொன்னார்.

"அது கன்னியப்பன் கழனி."

"கன்னியப்பன் யாரு?"

"தேசிங்கோட அப்பன். முன்னே அது வெறும் களரு, உப்பு பூத்துக் கெடந்துச்சி. கூட கூடயா மண்ணு கொட்டி, தண்ணி கட்டி, கழனியாக்குனது அவன்தான். அதான் அவன் பேரு. செத்தப்போ அந்தத் தென்னைங்கீழயே பொதச்சிட்டோம். அவன் பொஞ்சாதி பாஞ்சாலியக்காவும் தங்கமான பொம்பள. யுத்தத்துல ஓடுனப்போ அதுவும் செத்துப்பூட்சி."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் எங்க பாத்தேன்? நான் காஞ்சிபுரம் பக்கம் ஓடிட்டேன். திரும்பி வந்தப்போ தேசிங்குதான் சொன்னான். அயுதுகினே சொன்னான்."

கேஸ் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. காலரா இல்லை, பிணக்குவியல் இல்லை, தென்னைக்குக் கீழே ஒரே ஒருவர்தான். ஒரு மனிதன் உழைத்துத் திருத்திய நிலத்துக்கு அவன் பெயர். டீச்சர் தாராளமாக அடுப்பு வைக்கலாம். "வாங்க சார், போய்க் குளிக்கலாம்" என்றேன்.

ராஜநாயகம் நகரவில்லை. "டீச்சர் வாயால சொல்ல மாட்டேன்னாங்களே ஒரு பேர், அது என்னன்னு இப்பத் தெரியுதா?"

"அதான் மூக்குக்குத் தெரியுதே."

"அதைக் கூசாமச் சொன்னா அந்தப் புல் அறுக்கிற பொம்பளை. கன்னியப்பனைச் சொல்ல மட்டும் அவளுக்கு என்ன கூச்சம்?"

அப்போதுதான் எனக்கு என் அம்மா ஞாபகம் வந்தது. என் அப்பா பெயர் சுடலைமுத்து. எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயிலுக்கு அம்மா கிடா நேர்ந்துகொண்டால்கூட, 'எல்லைச் சாமிக்கு' என்றுதான் சொல்வாள். சுடலை என்கிற அந்த மூன்றெழுத்து அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பாள். அப்பா செத்த பிறகும் சொல்லவில்லை.

"சார், கன்னியப்பன் பொண்டாட்டி செத்துப்போச்சுன்னு சொல்றாங்களே. செத்தவ புல் அறுப்பாளா?"

"அதைத்தான் போய்க் கேக்கணும்" என்றார் அவர். குடை நுனி தென்னை மரத்தைக் காட்டியது. அங்கே முந்தானையால் முகத்தை மூடின ஒரு கிழவி புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மரத்தடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பினாள்.

பின்தொடர்ந்தோம். ஆழ்வார்பேட்டை வரை அவள் ஏதாவது ஒரு குடிசைக்குள் நுழைவாள் என்று எதிர்பார்த்தேன். நுழையவில்லை. வழியெல்லாம் காலி மனைகளில் முழங்கால் உயரத்துக்குப் புல். ஒரு புல்லுக்கட்டுக்காக இவ்வளவு தூரம் வர எந்த மாட்டுக்காரிக்கும் அவசியமில்லை. ராஜநாயகம் குடையை ஊன்றி எட்டி நடந்தார். நான் என் செருப்பைப் பற்றி இரண்டு மூன்று தடவை பேசிப் பார்த்தேன், பயனில்லை.

அவள் தியாகராய நகரில் ஒரு புது மாடி பங்களாவின் பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நான் முன்பக்கம் ஓடிப்போய்ப் பெயர்ப்பலகையைப் படித்தேன். தேசிங்கு. டீச்சருக்கு மனை விற்கிற அதே தேசிங்கு, யுத்தத்தில் பட்டாளத்துக்கு விறகு சப்ளை செய்து பெரிய மனிதர் ஆனவர். சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு மாடி வராந்தாவில் நின்று, பின்கட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஏ ஆயா! இம்மா நேரமா? மாடு கத்துறது காதுல வுயல? இன்னொரு நாளு இப்பிடி லேட் பண்ணே, சோறு கெடையாது."

பீவண்டி மேட்டில் நின்றபோது எனக்குக் குமட்டியது. அதற்குப் பெயர் குமட்டல் இல்லை என்று இங்கே தெரிந்துகொண்டேன். அங்கே மூக்கைப் பொத்தினால் போதும்.

மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு வெளியே சந்தில் நின்று ராஜநாயகம் மெதுவாகக் கூப்பிட்டார். "பாஞ்சாலியம்மா!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அந்தப் பெயரை அவள் கேட்டு ரொம்ப நாளாகியிருக்க வேண்டும். சுவரோரம் வந்து தணிந்த குரலில் பேசினாள்.

"ஆரு சாமி நீங்க? அந்தப் பேரு சொல்லி இங்க கூப்ட வாணாம். மருமவ காதுல வுயுந்துடப் போவுது."

"மருமகளுக்குத் தெரியாதா?"

"பெரிய எடத்துப் பொண்ணு. ஆத்தா அப்பன் இல்லாதவன்னு சொல்லித்தான் கண்ணாலம் கட்டிக்கினான். கொஞ்ச நாளு வேலைக்கார ஆயான்னு இரு, அப்பால பக்குவமா சொல்லிக்கலாம்னான். இருக்கேன். ஊராரு கண்ணுல படாதேன்னான், கழனியாண்ட கூட மொகத்த மூடிக்கினுதான் போறேன். அவன் நல்லாருந்தா போதும் சாமி. ஆயான்னு கூப்ட்டா என் ஒடம்புலேர்ந்து இன்னா கொறஞ்சிப் பூடுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்குச் சோறு கிடையாதுன்னு சொல்றான், நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்குறீங்களே" என்றேன். ராஜநாயகம் என் தோளை அழுத்தினார்.

"நாளைக்குக் காலையில உங்க கழனியை அவன் வேற ஆளுக்கு எழுதிக் கொடுக்கிறான். வீடு கட்டப் போறாங்க" என்றார் அவர்.

அவள் கையிலிருந்த வைக்கோல் அப்படியே நின்றது.

"அங்க அவரு படுத்துக்கினு கீறாரே சாமி."

"தெரியும்."

"அவரு மேலயா கட்டப் போறாங்க?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. பேப்பர்ல கையெயுத்துப் போட்றானே ஒயிய, மண்ணைப் பாக்குறது இல்ல. நான் வந்து சொன்னா நிறுத்திடுவான். எம்புள்ளதானே."

செத்துப்போனதாக அவன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான் என்பதை ராஜநாயகம் அவளிடம் சொல்லவில்லை. திரும்பி நடக்கும்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எனக்கு வாய் வரலை, கனகராஜ்" என்றார். கோர்ட்டில் கொலைகாரர்கள் பேசினதையெல்லாம் கூசாமல் மொழிபெயர்த்த மனிதர்.

திங்கட்கிழமை காலை, மயிலாப்பூரில் பத்திரப் பதிவு ஆபீஸ். தேசிங்கு நெற்றியில் சந்தனமும் கையில் தங்க மோதிரமுமாக முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். ஃப்ளோரா டீச்சர் ஓரத்தில் ஒரு பெஞ்சில் இருந்தார். சார்பதிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"தாயார் பேர்ல இருந்த சொத்து. தாயார்?"

"காலமாயிட்டாங்க சார்." தேசிங்கு தொண்டையைக் கனைத்தார். கண்ணில் சொல்லி வைத்ததுபோல் தண்ணீர் வந்தது. "ஊரு ஓடுனப்போ, செங்கல்பட்டாண்ட. என் மடியிலதான் உசுரு போச்சு."

அந்தச் சமயம் பார்த்துத்தான் நாங்கள் பாஞ்சாலியை உள்ளே அழைத்து வந்தோம். தேசிங்கின் முகத்தில் இருந்த துக்கம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஆனால் பேச்சு தடுமாறவில்லை. அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"ஏ ஆயா, மாட்டை வுட்டுட்டு இங்க இன்னா வேல ஒனக்கு? சார், எங்க வூட்டு வேலைக்காரி. கொஞ்சம் புத்தி சரியில்ல."

"நைனா," என்று பாஞ்சாலி கெஞ்சலாக ஆரம்பித்தாள், "அந்தக் கழனிய வாணாம்பா. அங்க அவரு..."

அவள் முடிக்கவில்லை. ராஜநாயகம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த சின்னக்கண்ணு அப்போதுதான் வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு வாசற்படி ஏறினார். கிழவியைப் பார்த்ததும் அவருக்கு வாய் பிளந்தது.

"அடியாத்தே! பாஞ்சாலியக்கா! நீ சாவலியா? உன் கருமாதிக்கு வட பாயசத்தோட சோறு துன்னுட்டு வந்தேனே நானு!"

சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கருமாதியா? ஆருக்கு?" என்றாள் பாஞ்சாலி.

"ஒனக்குத்தான்க்கா. தேசிங்கு மொட்ட அடிச்சிக்கினு, எள்ளும் தண்ணியும் எறச்சி, ஊரக் கூட்டி எல போட்டானே. அயுத அயுகையில எங்களுக்கெல்லாம் சோறு எறங்கல."

பாஞ்சாலி மகனைப் பார்த்தாள். அந்த மொட்டையை அவள் பார்த்திருப்பாள். திருப்பதி போய் வந்ததாகச் சொல்லியிருப்பான், அவளும் சந்தோஷப்பட்டு அவன் தலையைத் தடவிக் கொடுத்திருப்பாள். நான் இதையெல்லாம் ஊகிக்கத்தான் முடியும். ஊகித்தபோது எனக்கு அந்த அறையில் நிற்கப் பிடிக்கவில்லை.

ஃப்ளோரா டீச்சர் எழுந்து தேசிங்கின் எதிரில் வந்து நின்றார். "பிணம் புதைச்ச மண்ணுல சமைக்கணுமேன்னு நான் பயந்தேன். உங்களை நம்பி இத்தனை நாள் உங்க எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சேனே, அதை நெனச்சா எனக்குக் குமட்டுது" என்றவர் சார்பதிவாளர் பக்கம் திரும்பினார். "எனக்கு இந்த மனை வேண்டாம் சார்" என்றார். பூட்டித் திறக்கிற அந்தக் கதவும் போயிற்று என்பது அவருக்குத் தெரியும்.

"இவன் குடிகாரன் சார், நேத்து எவனோ கள்ளு வாங்கிக் குடுத்துக் கூட்டியாந்துக்கீறான்" என்று தேசிங்கு சின்னக்கண்ணுவைக் காட்டி இரைந்தார்.

"சத்தம் போடாதீங்க" என்றார் சார்பதிவாளர். பத்திரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "உரிமைக்காரங்க உயிரோட இருக்கிறதா ஆட்சேபணை வந்தா, விசாரிக்காம நான் பதிய முடியாது. அம்மா, உன் பேர் சொல்லு."

"பாஞ்சாலி, சாமி."

"புருஷன் பேரு?"

அவள் பேசவில்லை. சார்பதிவாளருக்கு இது தினப்படி நடக்கிற விஷயம்தான். தலையை நிமிர்த்தாமலே, "கூட வந்தவங்க யாராவது சொல்லுங்கப்பா" என்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். ராஜநாயகம் என் காலை மிதித்தார். சின்னக்கண்ணுவையும் கண்ணாலேயே அடக்கினார்.

பாஞ்சாலி மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு நைனா. ஆஸ்பத்திரில, பள்ளிக்கூடத்துல, எங்க கேட்டாலும் நீதானே எனக்குப் பதுலா முந்திக்கினு சொல்லுவே. உங்கப்பன் பேரு. சொல்லுப்பா."

ஒரு வார்த்தை. சொன்னால் பங்களாவில் சொன்ன பொய் போகும், கழனி கைநழுவும். ஆனால் அம்மா இருப்பாள். தேசிங்கு சில்க் ஜிப்பாவின் கைமடிப்பைச் சரி செய்துகொண்டார்.

"இந்தக் கெயவி யாருன்னே எனக்குத் தெரியாது சார். வேலைக்காரி, அவ்ளோதான். அவ புருஷன் பேரு எனக்கு எப்பிடித் தெரியும்?"

பாஞ்சாலி மகனிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சார்பதிவாளரைப் பார்த்து, "எயுதிக்கோ சாமி. கன்னியப்பன்" என்றாள்.

குரல் சரியாக வரவில்லை. பழக்கமில்லாத வார்த்தை. சொல்லிவிட்டு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்த மனிதனுக்கு இனிக் குறைய ஆயுசு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளை அதைச் சொல்ல வைத்தவன் எதிரில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது. ராஜநாயகம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

சார்பதிவாளர் எழுதி முடித்தார். பேனாவால் தேசிங்கைக் காட்டினார்.

"இவர் உனக்கு என்ன உறவு?"

அப்போதுதான் தேசிங்குக்கு விஷயம் முழுசாக உறைத்தது. இந்தக் கேள்விக்கு அவள் சொல்லப்போகிற பதிலில்தான் அந்தக் கழனியில் அவருடைய பங்கெல்லாம் இருந்தது. "யம்மா..." என்றார், எல்லோர் காதிலும் விழும்படி.

பாஞ்சாலி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஒறவு ஒண்ணும் இல்ல சாமி. இவுங்க வூட்டுல வேல செஞ்சேன். இன்னியோட நின்னுட்டேன்."